தட்டிப் பிடிக்கிற கை

ஏனுங்கக்கா, என் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா? பாப்பா தூங்கிட்டா. தோள்ல போட்டுக்கிட்டு நின்னா தோளே கழண்டுரும் போல இருக்குது. கொஞ்சம் நகர்ந்துக்குங்க, ஆங், போதுமுங்க. நான் ஒல்லிதானே, ஓரமா ஒட்டிக்குவேன்.

எதுவரைக்கும் போறீங்க? அப்படீங்களா. நான் லேபர் கோர்ட்டு ஸ்டாப்பிங். ஐயோ, எம்மேல கேஸ் ஒண்ணும் இல்லீங்க. சாட்சி சொல்லப் போறேன். ஏன் சிரிக்கறீங்க, என்னைப் பார்த்தா சாட்சி சொல்றவ மாதிரி தெரியலையா? நிஜமாத்தான். இன்னிக்கு நான் சொல்றதை வெச்சுத்தான் ஒருத்திக்கு வேலை திரும்பக் கிடைக்குமா, இல்ல ஒரு உசுரு போன பழியோட வீட்டுல உட்காருவாளான்னு முடிவாகும். கம்பெனியில அத்தனை ஆம்பளைங்க இருக்கறப்போ, 'தவமணியைக் கூப்பிடுங்க'ன்னு மேனேஜர் தன் வாயால சொல்லியிருக்காரு. சும்மா சொல்லுவாரா? அனுபவம்னு ஒண்ணு இருக்குதில்ல.

நான் கிரேன் ஓட்டறவ. இல்லீங்க, ரோட்டுல போகுமே அது இல்ல. கம்பெனிக்குள்ள கூரைக்குக் கீழ தண்டவாளத்துல போகும். அதுல ஒரு கூண்டு தொங்கும், ஏணி ஏறிப் போய் உள்ள உட்கார்ந்துக்கணும். கீழ பம்புக்கு இரும்பு வார்க்கறதுக்கு மண் பெட்டி செய்வாங்க. ஒவ்வொரு பெட்டியும் இந்த பஸ்ஸுல பாதி கனம் இருக்கும். அதைக் கொக்கியில மாட்டித் தூக்கி, ஒண்ணு மேல ஒண்ணு அச்சுப் பிசகாம உட்கார வெக்கணும். கையில ரெண்டு லீவர், அவ்வளவுதான். ஆனா எல்லாம் அந்த ரெண்டு லீவர்லதான் இருக்குது.

எங்க கம்பெனியில முதல்முதலாக் கூண்டு ஏறின பொம்பளை நான்தான். அது திறமையில வந்ததுங்க. பின்னால பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கின இடத்துல வந்த கோட்டாக்காரிங்க மாதிரி இல்ல. என் வீட்டுக்காரர் அங்க அந்தப் பெட்டி செய்யற மோல்டிங்ல இருந்தாரு. ஒரு நாள் பெட்டி அவர் நினைச்சதுக்குக் கொஞ்சம் முன்னாலயே இறங்கிருச்சு. காலை எடுக்கல. பாதம் போயிருச்சு. அவர்தான் பார்த்து நின்னிருக்கணும், அதை நான் அவர்கிட்டயே சொல்லியிருக்கேன். அதுக்காக எனக்குக் கூட்டற வேலை குடுத்தாங்க. அப்புறம் ஃபோர்மேன் பெரியண்ணன் இருக்காரே, அவர்தான், 'ஏம்மிணி, விளக்குமாத்தையே இவ்வளவு நேக்காப் பிடிக்கறியே, லீவரைப் பிடிச்சுப் பாக்கறியா'ன்னு ஏத்திவிட்டாரு. எனக்கு யாரும் பொம்பளைன்னு குடுக்கல. கால் போனதுக்குக் குடுத்தாங்க. ரெண்டும் வேற வேறங்க.

இந்தக் கோட்டா எப்படி வந்ததுன்னா, பம்பு வாங்கற வெளிநாட்டுக்காரங்க வந்திருந்தாங்க. சுத்திப் பார்த்துட்டு, 'பொம்பளைங்க எங்க'ன்னு கேட்டாங்களாம். கோர் ஷாப்புல மண்ணு பிசைஞ்சு கட்டி சுடறவங்களைக் காட்டினாங்க. 'மிஷின்ல யாரும் இல்லையா'ன்னு அடுத்த கேள்வி. உடனே என்னைக் கீழ இறக்கி, மூஞ்சி கழுவச் சொல்லி, போட்டோ எடுத்தாங்க. ஒருத்தி போதாதாம். இனி புதுசா எடுக்கறதுல பாதி பொம்பளைங்களா இருந்தாத்தான் ஆர்டர்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்கு கேன்டீன்ல பார்க்கணுமே! 'இனிமே மீசையைச் சிரைச்சுட்டு வந்தாத்தான்டா வேலை'ங்கறான் ஒருத்தன். 'கிரேனுக்கும் சேர்த்து வளைகாப்பு வெச்சுருவோம்'ங்கறான் இன்னொருத்தன். நானும் சிரிச்சேன். இவ வயித்துல இருக்கறப்போ ஏழாம் மாசம் வரைக்கும் ஏணி ஏறினவ நான், என்னைச் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா?

புது ஷிப்டுக்கு ரெண்டு பேர் எடுக்கணும். ஒண்ணு பொது இடம், ஒண்ணு பொம்பளைங்க இடம். ஆள் எடுக்க மூணு பேர் உட்கார்ந்தோம். மேனேஜர் ரங்கராஜ் சார், பெரியண்ணன், நான். சேர் போட்டு உட்கார வெச்சாங்கக்கா, எனக்கும் டீ பீங்கான் கப்புல வந்துச்சு.

எங்க கம்பெனி டெஸ்ட்டு என்னன்னா தண்ணி. அகல வாய் டிரம்முல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்திருவாங்க. அதைக் கொக்கியில தூக்கிக்கிட்டு ஷெட்டோட அந்தக் கோடி போய், திரும்பி வந்து, சாக்பீஸ்ல போட்ட வட்டத்துக்குள்ள இறக்கணும். சிந்தாம வர்றவன் ஓட்டத் தெரிஞ்சவன். வாய்ப்பேச்சு அங்க எடுபடாது.

தினேஷ்னு ஒரு தம்பி ஓட்டினான். வேகம்னா வேகம். திரும்பறப்போ டிரம் ஊஞ்சலாட்டம் ஆடி, தண்ணி பூராவும் பெரியண்ணன் பூட்ஸுக்குள்ள. 'தம்பி, உன்னைக் கிரேன் ஓட்டக் கூப்பிட்டனா, எனக்குத் தலைக்கு ஊத்தக் கூப்பிட்டனா?'ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். அடுத்தாப்பல பவானிப் பக்கத்துப் பொம்பளைப் பிள்ளை ஒண்ணு, கொஞ்சம்தான் சிந்துச்சு. பேரு நாக்கு நுனியில இருக்குது, வரமாட்டேங்குது. போகட்டும்.

கடைசியா பானுப்பிரியா. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் யார்டுல ஓட்டினவ. புருஷன் இல்ல, பொண்ணை அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருந்தா. கூண்டுக்குள்ள போனதும் எல்லாரையும் மாதிரி கிளப்பிட மாட்டேங்கறா. சும்மா ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கிப் பார்க்கறா. 'என்னம்மா, நல்ல நேரம் பாக்கறியா'ன்னு ரங்கராஜ் சார் கீழருந்து சத்தம் போட்டாரு. அப்புறம் தூக்கினா பாருங்க. டிரம் போறது தெரியல. மேல நிலா போற மாதிரி போச்சு. வட்டத்துக்குள்ள வந்து உட்கார்ந்தப்போ தண்ணி அப்படியே விளிம்புல நிக்குது. ரங்கராஜ் சார் விரலை விட்டுப் பார்த்துட்டு, 'யாராவது மறுபடி நிரப்பினீங்களாய்யா'ன்னு கேட்டாரு. நிஜமாவே கேட்டாருங்க.

அப்புறம் யாரை எங்க போடறதுன்னு பேச்சு வந்துச்சு. சார் சொன்னாரு, 'பானுப்பிரியா பொம்பளை. அப்போ பொம்பளை இடம் அவளுக்கு. பொது இடத்தைத் தினேஷுக்குக் குடுத்துரலாம்.'

பெரியண்ணன் தலையைச் சொறிஞ்சாரு. 'சார், டெஸ்ட்டுல முதலாவதா வந்ததே பானுப்பிரியாதானுங்களே. அவளைப் பொதுவுல போட்டா அந்தப் பவானிப் பிள்ளையும் பொம்பளை இடத்துல உள்ள வந்துருமில்ல?'

'ரெண்டும் பொம்பளையாப் போட்டுட்டு, கீழ இருக்கறவனுங்களுக்கு யாருய்யா பதில் சொல்றது? அவளுக்கு வேலை கிடைக்குதில்ல, அது போதாதா? தவமணி, நீ பொம்பளை, நீயே சொல்லும்மா.'

நான் என்ன சொல்ல? பொம்பளைக்குப் பொம்பளை பரிஞ்சு பேசறான்னு நாளைக்கு என்னைத்தானே சொல்லுவாங்க. 'சரிதானுங்க சார். எந்த வாசல்ல நுழைஞ்சா என்ன, வீட்டுக்குள்ள வந்தாச்சில்ல'ன்னேன். சார் மேசையைத் தட்டி, 'இதுதான்யா பக்குவம்'னாரு. பவானிப் பிள்ளை டீயைக் குடிச்சுட்டு பஸ்ஸுக்குப் போயிருச்சு.

டிக்கெட் எடுத்துட்டேங்க அண்ணா, முன்னாலயே எடுத்துட்டேன். பாப்பாவுக்கா? மூணு வயசுதானுங்க, கால் நீளம், அவங்கப்பா மாதிரி.

எங்க விட்டேன்? ஆங். தினேஷ் திறமையில வந்தவன், பானு கோட்டாவுல வந்தவ. அப்படித்தான் பேர் ஆயிருச்சு. கோட்டா பானு. நானும்தான் கூப்பிடுவேன், 'ஏ கோட்டா, டீ குடிச்சியாடி'ன்னு. பிரியமாத்தான். அவ முறைப்பா, ஆனா டீ வாங்கிக்குவா. தினேஷுக்கு ஒண்ணாம் நம்பர் கிரேன் குடுத்தாங்க, டெஸ்ட்டு வெச்சது அதுலதான், புதுசு. எனக்கும் பானுவுக்கும் ரெண்டாம் நம்பர். காலைல நான், மத்தியானத்துக்கு மேல அவ.

வந்த வாரமே ஏணிக்குக் கீழ என்னை நிறுத்திட்டா. 'அக்கா, இது நழுவுது. லீவரை விட்டுட்டா நிக்கணுமில்ல? நிக்கல. கொக்கி தானாக் கீழ போகுது. பிரேக் போயிருச்சு.'

'நழுவும் கண்ணு. அதுக்கு ஒரு கைப்பழக்கம் இருக்குது. அது நழுவறதுக்கு முன்னால லீவரை மேல் பக்கம் லேசா ஒரு தட்டு தட்டணும். நழுவ நழுவத் தட்டிக்கிட்டே இருக்கணும். பெட்டி அந்தரத்துல அப்படியே நிக்கும். இதுக்குப் பேருதான் தட்டிப் பிடிக்கறது.'

'தட்டிக்கிட்டே இருக்கறதுக்கு நான் என்ன தவில் வாசிக்கறவளாக்கா? பிரேக்கை மாத்தச் சொல்லுங்க.'

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அத்தனை வருஷம் அந்தக் கிரேனை நான் ஓட்டியிருக்கேன். எத்தனையோ ஆம்பளைங்க முடியாம எறங்கி ஓடின கிரேன் அது. 'தவமணி கை பட்டாத்தான் ரெண்டாம் நம்பர் அடங்கும்'னு பெரியண்ணனே சொல்லுவாரு. கொக்கி எவ்வளவு எறங்கும்? நாலு விரக்கடை. தட்டினா நின்னுரும். அதைப் போய் ரிப்பேர்ங்கறா.

ஒரு நாள் மத்தியானம் ஏணிக்குக் கீழ நின்னுக்கிட்டு, 'பிரேக்கைப் பாக்காம ஏற மாட்டேன்'னுட்டா. பெட்டி பாதி மூடாமக் கிடக்குது, இரும்பு கொதிச்சுக்கிட்டு இருக்குது. நான் ஷிப்டு முடிஞ்சு சோப்புப் போட்டு மூஞ்சி கழுவிக்கிட்டு இருந்தேன். பெரியண்ணன் ஓடி வந்து, 'அம்மிணி, மானத்தைக் காப்பாத்து'ன்னாரு. சோப்பு காதோரம் காயறதுக்குள்ள ஏறிட்டேன். தட்டித் தட்டிப் பிடிச்சு, பெட்டியைப் பூ மாதிரி உட்கார வெச்சேன். கீழ அத்தனை பேரும் கை தட்டினாங்க. 'பார்த்தியா, இது திறமை. அது கோட்டா'ன்னு எவனோ கத்தினான். பொய் சொல்லுவானேன், எனக்குக் குளுகுளுன்னுதான் இருந்துச்சு.

ரங்கராஜ் சார் என்னைக் கேட்டாரு, 'ஏம்மா, பிரேக் சரியா இருக்குதா?' 'எனக்கு ஒண்ணும் சிரமம் இல்லீங்க சார்'னேன். பானுகிட்டத் திரும்பி, 'அவளும் பொம்பளைதானே? அவளுக்கு ஓடறது உனக்கு ஏன் ஓடல? நாளைக்கு ஏறலைன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடு'ன்னுட்டாரு.

அவ அழல. என்னைத்தான் பார்த்துக்கிட்டு நின்னா. சாயங்காலம், 'அக்கா, அந்தத் தட்டறதைச் சொல்லிக் குடுங்க'ன்னா. பெரிய மனசோட சொல்லிக் குடுத்தேங்க. பக்கத்துல உட்கார வெச்சு, கையைப் பிடிச்சுக் காட்டினேன். வரல. 'விட்டா நிக்கும்னு பழகின கை அக்கா இது, இங்க விடப் பயப்படுது'ன்னா. டிரம்முல தண்ணி அசையாமக் கொண்டாந்தவளுக்கு இது வரல பாருங்க. அப்போ எது திறமை, சொல்லுங்க.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்தறீங்களா, பாப்பா மூஞ்சில வெயில் அடிக்குது. ஆங்.

கீழ பெட்டி மூடறவங்கள்ல ரமாகாந்த்னு ஒருத்தர், ஒடிசாக்காரர். அவருக்குத் தெரிஞ்ச தமிழே மூணு வார்த்தைதான். மேலே, கீழே, மெல்ல. கிரேனைப் பார்த்துச் சொல்றதுக்கு அது போதுமில்ல? டீக்கடையிலயும் அதையே சொல்லுவாரு. சர்க்கரை கம்மியாப் போடணும்னா 'மெல்ல, மெல்ல'ம்பாரு.

அன்னிக்கு மேல் பெட்டியை மூடறதுக்காகக் கொண்டாந்து நெஞ்சு உயரத்துல நிறுத்தியிருந்தா பானு. கீழ் அச்சுக்குள்ள கொஞ்சம் மண்ணு விழுந்திருக்குது. அதை ஊதி எடுக்க, ரமாகாந்த் காத்துக் குழாயோட தலையை உள்ள விட்டுக் குனிஞ்சிருக்காரு. தொங்கற பெட்டிக்குக் கீழ குனியக் கூடாதுதான். எல்லாரும் குனியறதுதான். நான் ஓட்டறப்போவும் குனிவாங்க. என் கை மேல அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான் ரெஸ்ட் ரூம்ல தலை சீவிக்கிட்டு இருந்தேன். 'மேலே! மேலே!'ன்னு கத்தறது கேட்டுச்சு. ஒரு தட்டு தப்பிருச்சுங்க. ஒரே ஒரு தட்டு. நான் சீப்பும் கையுமா ஓடிப் போறப்போ சத்தம் நின்னு போச்சு. ஒண்ணாம் நம்பரை ஓட்டிக்கிட்டு வந்துதான் பெட்டியைத் தூக்கினாங்க. அதைச் சொல்ல வேண்டாங்க, பாப்பா இருக்கறா, தூங்கினாலும்.

பானு மேலயே உட்கார்ந்திருக்கறா. கூப்பிட்டும் இறங்கல. பெரியண்ணன் ஏறிப் போனாரு. கொக்கியில ஒண்ணுமே இல்ல, அவ கை மட்டும் லீவரைத் தட்டிக்கிட்டே இருந்துச்சாம். விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தேன்னாரு.

'கோட்டாவுல எடுத்தா இப்படித்தான் சாவு விழும்'னு ஷெட்டு பூராவும் ஒரே பேச்சு. நான்தானுங்க அவளுக்காகப் பேசினேன். 'பாவம், அவளை ஏன் திட்டறீங்க, எடுத்தவங்களைக் கேளுங்க'ன்னேன். மனசுல பட்டதைச் சொல்லிருவேன், எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்ல. ரமாகாந்த் உடம்பை ஊருக்கு அனுப்பி வெச்சாங்க. அவருக்கும் ஒரு பொண்ணு இருக்குதாம், அன்னிக்குத்தான் தெரியும்.

ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள ரெண்டாம் நம்பருக்குப் புது பிரேக் போட்டுட்டாங்க. பார்த்துட்டு, 'பிரேக் பிரமாதமா இருக்குதே'ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அப்போ தப்பு ஓட்டினவ பேர்லதானே? பானுவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அவ இந்தக் கேஸைப் போட்டா.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அந்தப் புது பிரேக்குல எனக்கு ஓட்ட வரலீங்க. ஆமா, சிரிங்க. லீவரை விட்டா கல்லு மாதிரி நிக்குது. ஆனா என் கை சும்மா இருக்குதா? தானா மேல தட்டிருது. பெட்டி வெடுக்குன்னு துள்ளி ஆடுது. 'என்னம்மிணி, டான்ஸ் ஆட விடறியா'ன்னு பெரியண்ணனே கேட்டாரு. தினேஷ் ஏறி ஓட்டினான், சமர்த்தா ஓடுச்சு. அந்தப் பிரேக்குல யார் வேணா ஓட்டலாங்க. அதுல என்ன இருக்குது?

அதோட விடல. கேஸ் முடியற வரைக்கும் எந்தப் பொம்பளையும் கூண்டு ஏறக் கூடாதுன்னுட்டாங்க. 'எனக்கும் சேர்த்தா சார்?'னு ஓடினேன். 'உன்னை மட்டும் தனியா விட்டா பாரபட்சம்னு சொல்லுவாங்கம்மா. கொஞ்ச நாளைக்குத்தான்'னாரு. இப்போ கோர் ஷாப்புல மண்ணு பிசையறேன். நகத்தைப் பாருங்க, எத்தனை கழுவினாலும் போகாது. ஒரு வருஷம் ஆகப் போகுது. எல்லாம் இந்தக் கோட்டாவால வந்த வினை. அதுங்க வராம இருந்திருந்தா நான்பாட்டுக்கு மேல உட்கார்ந்திருப்பேன்.

அதான் இன்னிக்கு வர்றேன். சார் கூப்பிட்டுச் சொன்னாரு, 'ஆம்பளைங்க வந்து சொன்னா, பொம்பளையைப் பழி வாங்கறாங்கன்னு கோர்ட்டுல பேசுவாங்க. பொம்பளை வாயாலயே வரட்டும். நீ சொன்னா எடுபடும். முடிஞ்சதும் உன் கூண்டைப் பத்திப் பேசலாம்'னு. பார்த்தீங்களா, கடைசியில திறமைக்குத்தானே மரியாதை.

என்ன கேட்டீங்க? கொக்கி நழுவுச்சா இல்லையான்னா? நழுவுச்சுங்க. இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிக்கிட்டு வர்றேன். ஆனா அங்க அப்படிக் கேட்க மாட்டாங்களாம். 'அந்தக் கிரேனை உன்னால ஓட்ட முடிஞ்சுதா'ன்னுதான் கம்பெனி வக்கீல் கேட்பாராம். முடிஞ்சுதும்பேன். அது பொய்யா? அவ வக்கீல் வேற மாதிரி கேட்டா, 'எனக்கு ஒண்ணும் சிரமம் இல்லீங்க'ன்னு சொன்னாப் போதும்னு சார் சொல்லியிருக்காரு. அதுவும் உண்மைதானே?

நேத்து பானு போன் பண்ணினா. 'அக்கா, கம்பெனி சாட்சின்னு உங்க பேரு வந்திருக்குது. எனக்கு நிம்மதியாப் போச்சு. அது நழுவினதை அங்க வேற யாரும் சொல்ல மாட்டாங்க, ஓட்டின உங்களுக்குத்தான் தெரியும். நீங்க உள்ளதைச் சொல்லுங்க, எனக்கு அது போதும்'னா. 'உள்ளதைத்தான் சொல்லுவேன் கண்ணு'ன்னேன். அதுக்கு அவ அழுதா. ஏன் அழுதான்னு எனக்கு விளங்கல.

ஏனுங்க, ஏன் அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க? நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா? இறங்கற இடம் வந்துருச்சா உங்களுக்கு? இல்லையே, என் ஸ்டாப்பிங்தானே இது.

அண்ணா, ஆள் இறங்கணும்! நிறுத்துங்கண்ணா! அக்கா, பையை இப்படிக் குடுங்க.

அதோ, அந்த வேப்பமரத்தடியில நிக்கறாளே, பச்சைச் சேலை, அவதான். இளைச்சுப் போயிட்டா பாருங்க. என்னைப் பார்த்துட்டா. பாருங்களேன், என்னைக் கண்டதும் மூஞ்சி எப்படித் தெளிஞ்சிருச்சுன்னு! ஓடி வர்றா. 'அக்கா, நீங்க பார்த்து இறங்குங்க, பாப்பாவை எங்கிட்டக் குடுங்க'ங்கறா.

இந்தாடி, மெல்லப் பிடி. தூங்கறா.